விடுமுறைக்கு ஒரு வினா
(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோணேசர் மலைமேல் நின்று கடலைப் பார்க்கும் எந்தச் சிறுபிள்ளையும், "கடல் ஏன் நீலமாயிருக்கிறது?" என்று கேட்கும். "வானத்தின் நிழலடா" என்று சொல்லி அதன் வாயை அடைத்துவிடுகிறோம். நம்மைக் குறைசொல்லவும் முடியாது. ராலே பிரபு என்ற பெரிய ஆங்கில விஞ்ஞானியும் அப்படித்தான் சொல்லிவைத்தார். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பிய தமிழர் ஒருவருக்கு அந்த விடை போதவில்லை. அவர்தான் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிவிடும் சிறிய பளிங்குக் கருவியொன்றைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டார்.

இராமனுடைய புகழைப் பாட நான் எழுந்து நிற்கவில்லை. அதைப் பாடப் புத்தகம் செய்கிறது. தம்மிடம் வந்த இளைஞர்களை அவர் எப்படி வேலை செய்யவைத்தார் என்பதே இன்று எனக்கு வேண்டியது. காரணம், ஆகஸ்ட் விடுமுறை வருகிறது. நம் பிள்ளைகள் காலையில் ஒரு டியூட்டரி, மாலையில் ஒரு டியூட்டரி என்று ஓடி, யாரோ எழுதிய விடையை நெட்டுருப் பண்ணப் போகிறார்கள். பாடசாலையிற் செயற்றிட்டம் ஒன்று கொடுத்தாலோ, படம் வெட்டி ஒட்டுகிறவர் தகப்பனார். அட்டை போடுகிறவர் தாயார். பிள்ளை தன் பெயரை மட்டும் எழுதுகிறது!

1923ஆம் ஆண்டுக் கோடையிற் கல்கத்தாவில் நடந்ததைக் கேளுங்கள். பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன் என்பவரிடம், தண்ணீரில் ஒளி சிதறுவதை நுணுகிப் பார்க்கும் வேலையை இராமன் கொடுத்தார். பரிசோதனை எளியது. சூரிய வெளிச்சத்தை ஊதாக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் விடுவது. பக்கத்தில் நின்று பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. உள்ளே போனது ஊதா மட்டுமாகையால், பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாயிருக்க வேண்டும். ஆனால் மங்கலாய் ஒரு கீற்றுத் தெரிந்தது.

நம்மிற் பலர் என்ன சொல்லியிருப்போம்? "தண்ணீரில் அழுக்கு, போய் வேறு வேலையைப் பார்" என்போம். அவர்களும் அழுக்கென்றே ஐயுற்றார்கள். ஆனால் ஐயத்தோடு விடவில்லை. தண்ணீரைத் திரும்பத் திரும்ப வெற்றிடத்தில் வடித்துச் சுத்தம் செய்தார்கள். கீற்றுப் போகவில்லை. அதற்கு 'மெல்லிய ஒளிர்வு' என்றொரு பெயர் வைத்தார்கள்; இராமனுக்கோ அந்தப் பெயரில் மனம் அமையவில்லை. பின்பு வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதைக் கண்டார். பகலில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஓய்வு வேளையில் வந்து உழைத்த வெங்கடேசுவரன் கிளிசரினில் அதைத் தெளிவாகப் பார்த்தார். 1928 பெப்ரவரி 28ஆந் தேதி, அது புதிய நிறமுடைய ஒளியே என்பது உறுதியாயிற்று. 1930இல் நோபெல் பரிசு வந்தது. ஒரு கோடைகாலத்து மங்கற் கீற்றை ஐந்து வருஷம் கைவிடாதிருந்ததன் பயன் இது.

இன்னுமொன்று. கடலின் நிறத்தைப் பற்றி 1923இல் வந்த கட்டுரை இராமநாதன் பெயரிலேயே அச்சாயிற்று. 1928இல் 'நேச்சர்' இதழுக்குச் சென்ற கட்டுரையில் கிருஷ்ணன் பெயரும் இருந்தது. பரிசு ஒருவருக்கே போனதைப் பற்றி இன்றும் வாதாடுவோர் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. வேலை செய்தவன் பெயர் வேலையிலிருந்தது, அதைச் சொல்கிறேன். இராமநாதன் பின்னாளில் ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார்.

நமக்குச் சூரிய ஒளியும் நிறக் கண்ணாடியும் வேண்டாம். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. கச்சான் வீசும் இந்த வறண்ட மாதங்களில் எந்தக் கிணறு விரைவாய் இறங்குகிறது? எது உவர்க்கிறது? கடலுக்குக் கிட்டிய கிணற்றில் வற்றுப்பெருக்குத் தெரிகிறதா? இதற்கு எந்த டியூட்டரியும் விடை எழுதித் தர முடியாது. பிள்ளைதான் அளக்க வேண்டும். விடியற்காலையில், ஒருவரும் தண்ணீர் அள்ளுமுன், கல்லுக் கட்டிய கயிற்றை விட்டு, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளை கிணற்றை எட்டிப் பார்க்கும் வேலையாகையால் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மழையில்லாத ஒரு நாள் நீர்மட்டம் நான்கு விரல் ஏறியிருக்கும். "பிழையாய் அளந்திருக்கிறாய் தம்பி, அழி" என்று சொல்ல நாக்கு எழும். ஐயா, அந்த இடத்திலேதான் நீங்கள் பொறுக்க வேண்டும். அழிக்க விடாதீர்கள். மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் மோட்டரை நிறுத்தினார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கடைசியில் பிழையென்றே தெரிந்தாலும் அந்த வரி கொப்பியில் இருக்கட்டும்.

துறைமுகத்திலும் பாடசாலைகளிலும் உழைத்து ஓய்ந்திருப்போர் இந்தச் சபையிற் பலர் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு காலை கேட்கிறேன். ஒரு கிணற்றுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர். கயிறு, அளவுநாடா, கொப்பி மூன்றும் மன்றம் கொடுக்கும். பிள்ளைகள் எழுதியது அவரவர் பெயரோடு அடுத்த ஆண்டு மலரில் வரும். செயலாளர் வாசலருகே மேசை போட்டிருக்கிறார். தேநீருக்குப் போகுமுன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.