ஈரத் துணியும் என் உடம்பு எடையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



காலையில் வரவேற்பு மேசை அருகே நின்றபோது மூன்று பேர் என்னைப் பார்த்து, "என்னப்பா, இப்படி இளைச்சுட்டே?" என்றார்கள். இன்னொருவர், "ஸ்லிம் ஆயிட்டீங்க, ரகசியத்தைச் சொல்லுங்கண்ணா" என்றார். நால்வருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதி பற்றியோ நூல் விலை பற்றியோ பேச என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். 2019-லிருந்து நான் படித்த பாடம் ஒன்றுதான், என்னுடைய இதயம். நான் டாக்டர் இல்லை. இங்கே 1982-ல் வேதியியல் முடித்து, சாயப்பட்டறை லேபில் சேர்ந்து, 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் பட்டறைகள் மூடப்படும் வரை அதிலேயே இருந்தவன். அதன் பிறகு ஒரு பனியன் கம்பெனியில் துணி வரவு பார்த்தேன். ஆகவே என் கணக்கெல்லாம் எடைக் கணக்குதான்.

2018-ல் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த வருஷம் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பம்பிங் 35 சதவீதம்தான் இருக்குதுங்க, ஹார்ட் பெயிலியர்" என்றார் டாக்டர். பெயிலியர் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரி அங்கேயே அழுதுவிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொன்னாலும் லேசான நோய் இல்லை. 2013-ல் திருவனந்தபுரத்தில், இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறைய 10-க்கு 3 பேர் இறந்துபோனார்கள். என் வயதுக்காரர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

"எடையைக் கட்டுக்குள் வையுங்க" என்று டாக்டர் சொன்னார். அதை நான் புரிந்துகொண்ட விதம்தான் பிழையாகிவிட்டது. அப்போது 72 கிலோ இருந்தேன். முட்டையில் கொலஸ்ட்ரால், அது வேண்டாம். பருப்பு வாயு, நெஞ்சை அடைக்கும், அது வேண்டாம். கறி, மீன் பேச்சே இல்லை. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி அரிசிக் கஞ்சி. ஆறு மாதத்தில் 64 கிலோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊறுகாயை மட்டும் விடவில்லை. கஞ்சிக்கு வேறு என்ன தொட்டுக்கொள்வது?

பிறகு ஒரு வாரத்தில் எடை 67-க்கு ஏறியது. "உடம்பு தேறிருச்சுங்க" என்று வீட்டில் சந்தோஷம். என் அம்மா முனியப்பன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நாலாவது நாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு வாங்கும்; மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். கடைசியில் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு நீரை இறக்கிய பிறகு எடை பார்த்தால் 61 கிலோ. தேறியதாக நாங்கள் கொண்டாடியது பூராவும் தண்ணீர்.

என்னைப் போல ஒரு ஆள் இதில் ஏமாந்திருக்கக் கூடாது. திருப்பூரில் ஈரத் துணியை எடை போட்டு யாராவது டெலிவரி எடுப்பார்களா? ஹைட்ரோவில் பிழிந்து, டிரையரில் ஓட்டி, காம்பாக்டிங் முடித்த பிறகுதான் தராசு. பிராசஸ் லாஸ் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். என் உடம்பில் லாஸ் 11 கிலோ. அதை ஈரம் மறைத்துக்கொண்டிருந்தது.

ஈரம் ஏன் தங்குகிறது? இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால், உடம்பில் நீர் வற்றிவிட்டதாகச் சிறுநீரகம் நினைத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியவன் நான். தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது எவ்வளவு பெரிய செலவு என்று இந்த ஊருக்கே தெரியும். பிறகு அந்த ஊறுகாயை நினைத்து வெட்கப்பட்டேன்.

வார்டில் உணவியல் ஆலோசகரான ஒரு பெண் வந்து, "அப்பா, என் கையை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்" என்றார். பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனது கொழுப்பு மட்டும் இல்லை, சதையும் போயிருக்கிறது என்று சொன்னார். இந்த நோயே சதையைத் தின்னும். பட்டினியும் சேர்ந்தால் இரட்டை நஷ்டம். நீர் வீக்கத்தைக் கழித்துப் பார்த்து, நாமாக முயற்சி செய்யாமலே ஒரு வருஷத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டர்கள் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு நான் சாப்பிடுவதை எல்லாம் கேட்டு எழுதிக் கூட்டினார். ஒரு நாளைக்குப் புரதம் 27 கிராம் வந்தது. ஆரோக்கியமான பெரியவருக்கே கிலோவுக்கு 0.83 கிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வெளிநாட்டு நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. என் 61 கிலோவுக்கு 61 முதல் 73 கிராம் வரை வேண்டும். நான் பாதிகூடத் தொடவில்லை.

அந்த நிறுவனம் இப்போது ஐதராபாத்தில் இருக்கிறது. ஆனால் அது பிறந்தது நமக்கு மேலே இருக்கிற மலையில். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பித்தார். அவர் ஆராய வந்தது பெரிபெரி. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பி வாழ்கிறவர்களுக்கு ஒரு வைட்டமின் இல்லாமல் இதயம் வீங்கி, கால் வீங்கிச் சாகிற நோய் அது. நம் உணவுகளின் சத்து அட்டவணையும் 1937-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. 1958-ல்தான் ஐதராபாத்துக்குப் போனார்கள். ஊட்டிக்கு டூர் போகும்போது நாம் வர்க்கி வாங்கத்தான் குன்னூரில் இறங்கினோம்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். ஹார்ட் பெயிலியர்காரனிடம் இந்தப் பழமொழி தடுமாறும். வீங்கினவன் கொழுத்தவன் போலவே தெரிவான், உள்ளே இளைத்திருப்பான். எனக்குக் கொள்ளும் தேவைப்பட்டது. 100 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். துவரையும் அதே அளவுதான். ஆனால் கொள்ளு ரசத்தை மட்டும் குடித்துவிட்டுச் சத்து வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சத்து பருப்பில் இருக்கிறது, வடித்த நீரில் இல்லை. ஓட்டல் சாம்பாரும் அப்படித்தான். கரண்டியை அடிவரை விட்டாலும் பருப்பு கிடைக்காது.

இப்போது காலையில் இட்லியோடு ஒரு முட்டையும் இன்னொன்றின் வெள்ளைக்கருவும். மத்தியானம் கெட்டிப் பருப்பு அல்லது கடைந்த கொள்ளு, தயிர். சாயங்காலம் உப்புப் போடாமல் வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. வாரம் மூன்று நாள் மீன் அல்லது கோழி. இரண்டு வேளை பால், அதுவும் டாக்டர் சொன்ன நீர் அளவுக்குள். கருவாட்டில் புரதம் ஏராளம், உப்பும் ஏராளம், அதை விட்டுவிட்டேன். வருத்தம்தான்.

ஐரோப்பாவில் 11 நாடுகளில் 2,281 இதயச் செயலிழப்பு நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2020-ல் வந்தது. நாளுக்கு 40 கிராமுக்குக் கீழே புரதம் உண்டவர்களில், 70 கிராமுக்கு மேல் உண்டவர்களைவிட இறப்பு கூடுதல். குறைவாகச் சாப்பிட்டதால் இறந்தார்களா, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லையா என்று இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. படித்தவர்கள் நாம் அதையும் கவனிக்க வேண்டும்.

என் வகுப்புத் தோழர் ஒருவர் 104 கிலோ. அவருக்குப் பம்பிங் நன்றாகவே இருக்கிறது, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதிலும் ஒரு வகை உண்டு. இதயம் விறைத்துப்போய் நிரம்ப மறுக்கும். அவருக்கு எடை குறைவது நிஜமாகவே நல்லது. 2016-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பருமனான முதியவர்கள் 100 பேரை வைத்து 20 வாரம் பார்த்தார்கள். அளவுச் சாப்பாடும் நடைப்பயிற்சியும் தெம்பைக் கூட்டின. 2023-ல் செமாகுளுடைட் ஊசியிலும் பலன் கண்டார்கள். ஆனால் எடை எப்படிக் குறைந்தாலும் கொழுப்போடு சதையும் கொஞ்சம் போகும். ஆகவே அவரும் சோற்றைக் குறைக்கட்டும், பருப்பைக் குறைக்க வேண்டாம். புரதத்தைக் கூட்டினாலே எடை இறங்கும் என்றும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 76 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையில், புரதம் கூடுதலாக உண்டவர்களும் வழக்கமான அளவு உண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்தார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் முதல் கூட்டத்துக்குக் கூடுதலாக இறங்கின.

இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கிரியாட்டினின் ஏறியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. டப்பா பவுடர் பக்கமே போக வேண்டாம். அடுத்தது இளநீர். நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வந்தால் இரண்டு இளநீரோடுதான் வருவார்கள். இதய மருந்துகள் சில ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுபவை, இளநீரிலும் அது நிறைய. எனக்கு வந்ததை எல்லாம் பேரன்தான் குடித்தான்.

தம்பிகளே, உங்களில் பாதிப்பேர் கல்லூரி விட்டதும் கம்பெனிக்குப் போகிறீர்கள் என்று தெரியும். ஒன்றரை ஷிப்டுக்கு டீயும் பன்னும் போதாது. அதற்கு இரண்டு அவித்த முட்டை மேல். வீட்டில் அப்பாவுக்கோ அப்புச்சிக்கோ இந்த நோய் இருந்தால் இன்றே ஒரு எடை மெஷினும் நோட்டும் வாங்கிக் கொடுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் ஒரே மாதிரி உடுப்பில் எடை பார்த்து எழுதட்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மாதக் கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அதையும் சொல்லுங்கள். நான் இன்று காலை 65.4.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். பந்தியில் எனக்குப் பரிமாறும் தம்பி, அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். சாம்பாருக்கு முன்னால் பருப்பு இரண்டு கரண்டி போடு கண்ணு.