குளிசை கொடுத்தால் கடமை முடிந்ததா?

(மன்னாரில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



அரசியல் மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். உரிமை என்பது வாக்குச்சீட்டோடும் காணி உறுதியோடும் முடிந்துவிடுவதன்று. உயிரோடு இருப்பதற்கான வழி ஒருத்திக்கு எட்டாமற் போகுமானால், ஏனைய உரிமைகளால் அவளுக்கு ஆவது என்ன? ஆகவே இன்று மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகின்றோம்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. இந்நோயாளரில் பெரும்பாலோருக்கு நோயை வளர்ப்பது அவர்களது உடலிற் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனே. தமொக்சிபன் என்னும் குளிசை அந்த ஓமோன் நோயணுவைப் பற்றாதவாறு தடுக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்பன ஓமோன் உருவாவதையே குறைக்கின்றன. இவற்றை நாள்தோறும், குறைந்தது ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள் வரையும் உட்கொள்ள வேண்டும். ஐந்தாண்டு தமொக்சிபன் உட்கொள்வதால், இவ்வகை நோயாளரிடையே மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகிறது என்பது உலகளாவிய ஆய்வுகளின் முடிவு.

ஆனால் ஐந்தாண்டு என்பது 1,800 நாட்களுக்கு மேல்! சத்திரசிகிச்சை முடிந்தது, புண் ஆறியது, உடல் தேறியது. இனிக் குளிசை எதற்கு என்னும் எண்ணம் எழுகிறது. கமக்காரர்களே, உங்களுக்கு இது விளங்கும். பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறதே என்று, கதிர் முற்றுமுன் கட்டுக்கரைக் குளத்து நீரை மறிப்பார் உண்டோ? குளிசையை இடையில் நிறுத்துவதும் அத்தகையதே.

நிறுத்துவோர் அறிவிலிகள் அல்லர். உடல் அனலாய்க் கொதிக்கிறது, மூட்டுகள் வலிக்கின்றன, உறக்கம் கெடுகிறது. வசதி மிக்க அமெரிக்காவிலேயே, கலிபோர்ணியாவில் 8,769 பெண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, முழுக்காலமும் ஒழுங்காக உட்கொண்டோர் 49 வீதத்தினரே. அங்ஙனமாயின், பேசாலையிலும் அரிப்பிலும் வாழும் தாயின் நிலை என்ன? புற்றுநோய்க்கான பெரிய வைத்தியசாலைகள் தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் உள்ளன. ஒருமுறை போய்வர ஒருநாட் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் போகும்.

இதற்குக் கைத்தொலைபேசி உதவுமா? உதவும். ஆனால் கருவி வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்போரின் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. அமெரிக்காவில் 724 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறையாக மூன்று ஆண்டுகள் குறுஞ்செய்தி அனுப்பினர். 2020இல் வெளியான முடிவு யாது? செய்தி பெற்றோர் பெறாதோரைவிட ஒழுங்காகக் குளிசை உட்கொள்ளவில்லை! மறதி ஒன்றே நோயாயின் மணியடித்தால் தீரும். வலிக்கும் அச்சத்திற்கும் தட்டுப்பாட்டிற்கும் மணியோசை மருந்தாகுமோ?

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, கேள்விக்கு மறுமொழி. “மூட்டு வலிக்கிறது”, “இரத்தப்போக்கு உண்டு” என்று ஒரு தாய் அறிவித்தால், தமிழில் மறுமொழி சொல்லப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். மருந்தை மாற்றவோ வலியைத் தணிக்கவோ வைத்தியருக்கு வழிகள் உண்டு. எழுத்து வாசிக்க இயலாதவர்க்குக் குரற்செய்தி வேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆதலால் இது சலுகையன்று, உரிமை.

இரண்டாவது, குளிசை இருப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததை நாடறியும். குளிசை இருக்கிறதா என்பதைப் பயணம் புறப்படுமுன் தொலைபேசியில் அறியச் செய்க. அதனினும் மேலாக, மன்னார் மாவட்ட வைத்தியசாலையிலேயே தடையின்றிக் கிடைக்கச் செய்க. இல்லாத குளிசையை விழுங்குமாறு நினைவூட்டுவது கேலிக்கூத்து.

மூன்றாவது, மறைகாப்பு. பல வீடுகளில் தொலைபேசி ஒன்றே; அது கணவனிடமோ மகனிடமோ இருக்கும். நோயின் பெயர் திரையில் தோன்றினால், மகளின் கலியாணப் பேச்சும் குலையலாம் என்று அஞ்சும் தாய்மார் உளர். உடல்நலத் தகவலை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறப்பு வகையாக வகுத்துள்ளது. அவளது சம்மதமின்றி எச்செய்தியும் போகலாகாது. போகும் செய்தியிலும் நோயின் பெயர் இருத்தலாகாது.

ஊரூராய்ச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களை நமது தாய்மார் அறிவர், நம்புவர். தொலைபேசி அவர்களுக்குத் துணையாகட்டும்; அவர்களுக்கு மாற்றாக வேண்டாம்.

தாய்மார்களே! வைத்தியரைக் கேளாது குளிசையை நிறுத்தாதீர்கள். ஆண்களே! வீட்டிலுள்ளவள் கிளினிக்குக்குப் போகும் நாளில் வலையையும் வயலையும் ஒருநாள் விட்டுத் துணை செல்லுங்கள். அதிகாரத்திலிருப்போரிடம் இம்மூன்றையும் கேட்டுப் பெறும் பொறுப்பை நாம் ஏற்போம். ஒவ்வொரு கிராமமும் தீர்மானம் நிறைவேற்றி நமக்கு வலுவூட்டுக!