சக்கரத்தை விடாத பிரேக்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறீர்கள். ஆர்சி புத்தகத்தில் இன்னும் பெயர்கூட மாறவில்லை. அதற்குள் வண்டி இழுவையாகப் போகிறது, பெட்ரோல் குடிக்கிறது. எல்லோரும் இன்ஜினைத்தான் சந்தேகப்படுவார்கள். கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லுமுன் சக்கரத்தைப் பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அரைச் சுற்றில் நின்றால் ஏதோ பிடிக்கிறது. செயினோ பேரிங்கோகூட இருக்கலாம். அதனால் மிதியிலிருந்து வரும் பிரேக் ராடின் நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது ஓடுகிறதா? மிதியில் ஓர் அங்குல ஆட்டம் விட்டு நட்டை வையுங்கள், வேலை முடிந்தது. செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னே தள்ளுபவர்கள் ராடைத் தளர்த்த மறந்துவிடுவது எங்கள் பட்டறையில் அன்றாடம் பார்ப்பது.

நட்டைத் தளர்த்தியும் விடவில்லையென்றால், எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். சக்கரத்தின் நடுவே உள்ள டிரம்முக்குள் கேம் என்று ஒரு சின்ன இரும்புத் தண்டு, முனை தட்டையாக இருக்கும். மிதித்தால் அது திரும்பி, இரண்டு பிரேக் ஷூவையும் விரித்து டிரம்மில் அழுத்தும். பிடிக்க உங்கள் கால் பலம் இருக்கிறது. விடுவதற்கோ, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் பெரிய துணை.

நம் பக்கத்தில் இந்தக் கேமுக்குச் சோதனை அதிகம். நடவு நேரத்தில் வண்டி சேற்றில் இறங்கும். விற்பவரும் பளபளப்புக்காக வாட்டர் சர்வீஸ் விட்டிருப்பார். தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கரைந்து துருவேறும். வேதாரண்யம் உப்பளப் பக்கத்து வண்டியென்றால் கேட்கவே வேண்டாம்.

திருவையாறு பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணே, பிரேக் கிச்சுனு பிடிக்குது, வண்டிதான் போகமாட்டேங்குது" என்றார். கோளாறு இங்கேதான்: கேமின் வெளிமுனையில், பல் வெட்டிய இடத்தில், ராடு இழுக்கும் கை மாட்டியிருக்கும். பல வண்டிகளில் தண்டிலும் கையிலும் ஆளுக்கொரு புள்ளி குத்தியிருப்பார்கள். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். தம்பியின் வண்டியில் கை இரண்டு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஷூவின் மேல் ஒட்டிய லைனர் தேய்ந்ததை மறைக்க யாரோ செய்த கைவேலை! இது வெறும் ஏமாற்று மட்டுமில்லை, அபாயம். தேய்ந்த ஷூவோடு கேம் அளவுக்கு மீறித் திரும்பி நெட்டுக்குத்தாக நின்றால், ஸ்பிரிங்கால் அதைத் திருப்ப முடியாது. ஓட்டத்திலேயே சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டை அப்புறம் பாருங்கள், முதலில் குனிந்து அந்தப் புள்ளியைப் பாருங்கள்.

துருவேறிய கேமை உப்புத்தாளால் தேய்த்துத் துளி கிரீஸ் போட்டால் போதும். லைனரில் பட்டுவிடக் கூடாது. பழைய லைனரில் கல்நார் இருக்கலாம், தூசியை வாயால் ஊதாதீர்கள். பட்டறைப் பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. அறுப்புக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டினால், அது ஆக்சிலில் சுற்றிக்கொண்டு பிரேக் உரசல் போலவே சத்தம் போடும்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேசான சர்சர் சத்தம் சகஜம். சக்கரமே இறுகினால், மெக்கானிக்கை விட்டுக் காலிப்பரின் பிளீடர் நிப்பிளைத் துளி திறக்கச் சொல்லுங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரிலோ ஹோஸிலோ இருக்கும். விடாவிட்டால் காலிப்பரின் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான பல வண்டிகளில் பின் மிதியே முன் பிரேக்கையும் சேர்த்து இழுக்கும். முன்னால் உரசினாலும் மிதியைச் சந்தேகப்படுங்கள்.

சம்பா நெல் மூட்டையை வைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்புமுன் ஒருதரம் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.