சுறா ஈரலும் நம் ஈரலும்

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். சுறாவின் ஈரல் முழுக்க எண்ணெய். இரண்டாம் உலகப்போரில் சீமையிலிருந்து காட் மீன் எண்ணெய் வரத்து தடைப்பட்டபோது, அன்றைய திருவிதாங்கூரில் அதற்கு ஈடாகச் சுறா எண்ணெய் வடித்தார்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ-தான் காரணம்.

நம் கல்லீரலும் அப்படியொரு பத்தாயம். உடம்பின் வைட்டமின் ஏ-யில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு வேண்டியபோது, ஒரு புரதத்தின் முதுகில் ஏற்றி இரத்தத்தில் அனுப்பிவிடும். பத்தாயத்தில் நெல் இருந்தும் சுமக்க ஆள் இல்லாவிட்டால் அடுப்படிக்கு எப்படி வரும்? புரதம் குறைந்த பிள்ளைகளுக்கு நடப்பது அதுதான்.

கல்லீரலின் இந்தச் சேமிப்பை நம்பித்தான் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். 9 மாதத்தில் முதல் தவணை; 5 வயதுக்குள் மொத்தம் 9. அளவு மிஞ்சினால் அதே கல்லீரல்தான் கெடும். ஆகவே மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரையைத் தேங்காயெண்ணெய் விட்டு வதக்கிக் கொடுங்கள். எண்ணெய் சேர்ந்தால்தான் கீரையின் வைட்டமின் ஏ சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பிள்ளையின் அடுத்த தவணை எப்போது என்று இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.