மரத்திலிருந்து பெற்றோல்

ஊசியிலை மரத்தைத் தூளாக்கி அதிலிருந்து பெற்றோல் எடுக்கலாம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, கொலம்பஸ் நகரில், 2013ஆம் ஆண்டில் அது நிகழவே செய்தது. கியோர் என்னும் கம்பனி அங்கிருந்து முதலில் டீசலையும் பின்னர் பெற்றோலையும் விற்பனைக்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டே அக்கம்பனி முறிந்துபோயிற்று. செய்முறை பலித்தும் வியாபாரம் வீழ்ந்தது ஏன்?

காரணத்தை மரத்தினுள்ளேயே தேடவேண்டும். உலர்ந்த மரத்தின் நிறையிற் பாதியளவு காபன். நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் ஒட்சிசன். ஐதரசனோ ஏறக்குறைய ஆறு பங்குதான். பெற்றோல் பெரும்பாலும் காபனும் ஐதரசனும் சேர்ந்தது. ஆகவே மரத்தைப் பெற்றோலாக்குதல் என்பது அதிலுள்ள ஒட்சிசனைக் களைதலேயாம். அந்த ஒட்சிசன் தனித்துப் போவதில்லை. நீராய் வெளியேறினால் ஐதரசனையும், காபனீரொட்சைட்டாய் வெளியேறினாற் காபனையும் உடன்கொண்டு போகும். வேண்டிய பொருளும் வேண்டாததோடு கூடவே போகிறது.

காற்றில்லாக் கலத்திலே, சுமார் 500 சதமபாகை வெப்பத்தில், மரத்தூளைச் சில கணம் சூடாக்கினால் அதன் பெரும்பகுதி ஆவியாகும். மசகெண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளில் வழங்குவது போன்ற ஊக்கித் தூளை உடன் கலப்பதால் ஒட்சிசனின் ஒரு பங்கு அப்பொழுதே நீங்கும். ஆவி குளிர்ந்து கரிய எண்ணெயாகும். அவ்வெண்ணெயில் ஐதரசன் வாயுவை மிக்க அழுத்தத்திற் செலுத்தி, எஞ்சிய ஒட்சிசனையும் போக்கி, வடித்துப் பிரிப்பர். ஊக்கியின்மேற் படியும் கரியை எரித்து ஆலைக்கு வெப்பம் பெறுவர். சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் அக்கரியும் பெற்றோலாகாது போன காபனே.

மரத்தின் விலை, கூலி, கடன் ஆகியவை எண்ணெய் எவ்வளவு கிடைத்தாலும் குறைவதில்லை. விளைச்சல் பாதியானாற் கலன் ஒன்றின் அடக்கவிலை ஏறக்குறைய இருமடங்காகும். தொன் ஒன்றுக்கு 67 கலன் என்று முதலீட்டாளருக்குச் சொல்லப்பட்டது. அவ்வெண் அவர்களை மயக்கியதென்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு 2016இற் குற்றஞ்சாட்டிற்று. ஆண்டுக்கு 130 இலட்சம் கலன் தரவேண்டிய ஆலை, 2013இற் பத்து இலட்சத்தையும் எட்டவில்லை. 2014 ஜனவரியில் வேலை நின்றது. நவம்பரிலே கம்பனி வங்குரோத்து மன்றை நாடிற்று.

இவ்வாலைக்கென மிசிசிப்பி அரசு வட்டியின்றிக் கொடுத்த கடன் 750 இலட்சம் டொலர். அது குடிகளின் பணம். அதன் பெரும்பகுதி திரும்பவில்லை. 2015இல் மாநில அரசு வழக்குத் தொடுத்தது.