கேஸ் கட்டுக்குள்ள ஒரு ஃபைல் எப்படிப் போகணும்?

போன எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதுக்குப் பக்கத்து வீட்டு விஷயம்: வெளியில இருந்து வர்ற ஆவணங்களை வக்கீல் ஆபீஸ் சாப்ட்வேருக்குள்ள சேமிக்கிறது. கேக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். அப்லோடு பட்டன், அவ்வளவுதானேன்னு நானும் நினைச்சேன். அதுல நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேச முடியும்.

எங்க மாமா உத்தமபாளையத்துல வக்கீல். 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, "மாப்ள, வெளிநாட்டுல கிளியோன்னு ஏதோ வச்சிருக்காங்களாம். டாலர்ல மாசாமாசம் கட்ட நமக்குத் தோதுப்படாது. நீதான் இஞ்சினியராச்சே, சின்னதா ஒண்ணு செஞ்சு குடு"ன்னார். ஆறு வாரம் சனி, ஞாயிறு உக்காந்து செஞ்சேன். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பக்கம், கட்சிக்காரர் பேரு, அடுத்த வாய்தா, அதுக்குக் கீழ ஆவணங்கள்.

அந்த ஆபீஸுக்கு என்னவெல்லாம் வருதுன்னு நான் ஒரு நாள் உக்காந்து பார்த்திருக்கணும். பத்திரப்பதிவு தளத்துல இறக்கின வில்லங்கச் சான்று வரும். பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. வரைபடம் வரும். மஞ்சப்பையில பழைய கிரயப் பத்திரம் வரும். தேனி மாவட்டம் 1996-லதான் மதுரையில இருந்து பிரிஞ்சது, அதனால அந்தப் பத்திரங்கள்ல மதுரை மாவட்டம்னுதான் இருக்கும். "தேனி"ன்னு தேடினா ஒண்ணும் சிக்காது. குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வச்சிருக்கிறவங்க மலையாளத்துல எழுதின பத்திரம் கொண்டுவருவாங்க. மிச்சமெல்லாம் வாட்ஸப்.

இப்ப என் தப்பு. கம்பம் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். எல்லைத் தகராறு. சர்வே கல் ஒரு நாள் காணாமப் போச்சு. கல்லு இருந்தப்பவே அந்தம்மாவோட மகன் போன்ல நாலு போட்டோ எடுத்து வச்சிருந்தார். ஆபீஸுக்கு வந்தப்ப குமாஸ்தா அண்ணன் கேபிள் போட்டு நாலையும் நேரா கம்ப்யூட்டருக்கு எடுத்து, என் சாப்ட்வேர்ல ஏத்திட்டார். அவர் செஞ்சது அத்தனையும் சரி.

நான் எழுதின கோடு என்ன செஞ்சுச்சு தெரியுமா? இடம் மிச்சம் பண்றேன்னு 1 எம்.பி.க்கு மேல இருக்கிற படத்தையெல்லாம் சுருக்கிச்சு. சுருக்குறப்ப படத்துக்குள்ள இருக்கிற எக்ஸிஃப் தகவல், அதாவது என்னைக்கு, எத்தனை மணிக்கு எடுத்ததுங்கிற விவரமெல்லாம் போச்சு. ஃபைல் பேரை மாத்தி, கேஸ் நம்பரோட அப்லோடு பண்ண தேதியைச் சேத்துச்சு. கடைசியா அசலை அழிச்சிருச்சு. இதை நான் பெருமையா மாமாகிட்ட டெமோ வேற காட்டினேன்.

சில மாசம் கழிச்சு மாமா போன் பண்ணார். "மாப்ள, இந்தப் படம் என்னைக்கு எடுத்ததுன்னு உன் சாப்ட்வேர் சொல்லுமா?" எடுத்துப் பாத்தா, அதுல இருக்கிற ஒரே தேதி அப்லோடு தேதி. கல்லு காணாமப் போனதுக்கு அப்புறமான தேதி! மகனோ அதுக்குள்ள அந்தப் போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டார். பேக்கப்பும் இல்ல.

மாமா ஏன் அப்பக் கேட்டார்னா, சட்டம் மாறியிருந்துச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டம் போயி பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் வந்துருச்சு. பழைய 65பி இப்ப 63-வது பிரிவு. மின்னணு ஆவணத்தோட நகலைக் கோர்ட்ல காட்டணும்னா சான்றிதழ் வேணும்னு அன்வர் எதிர் பஷீர் வழக்குல 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, 2020-ல அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல அதையே உறுதி பண்ணுச்சு. புதுச் சட்டத்துல அந்தச் சான்றிதழுக்கு ரெண்டு பகுதி. ஒண்ணு ஆவணத்தைத் தாக்கல் பண்றவர் குடுக்கணும், இன்னொண்ணு நிபுணர் குடுக்கணும். ரெண்டுலயும் ஃபைலோட ஹாஷ் மதிப்பை எழுதணும். ஹாஷ்னா ஃபைலோட கைரேகைன்னு வச்சுக்கங்க. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிடும். நான் மாத்தினதோ ஒரு எழுத்து இல்ல, படம் முழுக்க.

சுருக்கின படத்துக்கும் ஹாஷ் எடுக்கலாம்தான். மகன் கூண்டேறி "நான்தான் எடுத்தேன்"னு சொல்லலாம்தான். ஆனா குறுக்கு விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்கப்போறது தேதியும் அசலும். அந்தம்மாகிட்ட நானே போய் விஷயத்தைச் சொன்னேன். "போட்டோதான் உள்ள இருக்கேய்யா, கல்லு தெரியுதே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டாங்க. எக்ஸிஃப் பத்தி நான் சொல்லச் சொல்ல, அவங்க மானிட்டர்ல தெரியிற கல்லையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

குமாஸ்தா அண்ணன் என்னைத் திட்டல. பீரோவுல இருந்து ஒரு பழைய கேஸ் கட்டை எடுத்துப் பிரிச்சு, ஒரு ஜெராக்ஸைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சில்ல, "மூத்த மகன் கொண்டுவந்தது", தேதி, "அசல் பாத்துத் திருப்பிக் குடுத்தாச்சு"ன்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. "தம்பி, முப்பது வருஷமா இப்படித்தான் எழுதுறேன். நீங்கதான் ஸ்கேன் பண்றப்ப முன்பக்கம் போதும்னு சொல்லிட்டீங்க"ன்னார். ஆமா, நான்தான் சொன்னேன். பின்பக்கம் வெறும் கிறுக்கல்னு நினைச்சுட்டேன்.

இப்ப அந்தப் பென்சில் குறிப்பைத்தான் சாப்ட்வேர்ல கட்டியிருக்கேன். எந்த ஃபைல் வந்தாலும் வந்தபடியே, வந்த பேரோட, யாரும் தொட முடியாத ஒரு இடத்துல உக்காரும். உள்ள வந்த உடனே எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் எடுத்து எழுதிக்கும். சுருக்குறது, பேர் மாத்துறது, எழுத்தைப் படிக்கவைக்கிறது எல்லாம் நகல்ல மட்டும். யார் குடுத்தாங்க, எந்த வழியா வந்துச்சு, அசலா நகலா, ஆவணத்துல இருக்கிற தேதி என்னன்னு கேட்டு நிரப்பாம சேமிக்க விடாது. ஆவணத் தேதி வேற, வந்த தேதி வேற. 1986 கிரயப் பத்திரம் 2024-னு வரிசையில நின்னா கட்டுக்கே அர்த்தமில்ல. பட்டாவுக்கு இறக்கின தேதியும் முக்கியம், நாளைக்கே பேர் மாறலாம்.

வாட்ஸப்ல படம் அனுப்பச் சொல்றவங்க ஒண்ணு கவனிங்க. போட்டோவா அனுப்பினா அதுவே சுருக்கி, எக்ஸிஃபையும் எடுத்துரும். "டாக்குமென்ட்"னு தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதே மாதிரி, டிஜிட்டல் கையெழுத்தோட வர்ற பி.டி.எஃப்.பை பிரிண்ட் போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ணி ஏத்தாதீங்க. அந்தக் கையெழுத்து ஃபைல்லதான் இருக்கு, பேப்பர்ல இல்ல. எங்க ஆபீஸ்ல இந்த ஒரு பழக்கத்தை மாத்தத்தான் ரொம்ப நாள் ஆச்சு. பேப்பரைக் கையில பிடிச்சாத்தான் நம்புவாங்க.

அந்தத் தோட்டத்துக் கேஸ் இன்னும் நடக்குது. கமிஷனர் போட்டு, எஃப்.எம்.பி. அளவை வச்சு இடத்தை அளக்கச் சொல்லி மாமா மனு போட்டிருக்கார். போட்டோவை நம்பல.

அடுத்த எபிசோட்ல தமிழ்த் தேடல். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிச்சு, ஆனாலும் பழைய எழுத்துருவுல அடிச்ச பி.டி.எஃப். இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. காப்பி பண்ணா ஆங்கில எழுத்தாக் கொட்டும். அதை என்ன செய்யிறோம்னு பாப்போம். உங்க ஆபீஸ்ல இதுக்கு வழி கண்டுபிடிச்சிருந்தா எழுதுங்க, குமாஸ்தா அண்ணனும் கேட்டுக்கிட்டே இருக்கார்.