தேர்வுக் குழுவின் மூடிய கதவு



நாம் வெட்டிக் கொணரும் பாலை நம் கண்முன்னே நிறுக்க வேண்டும் என்கிறோம். கிராணிமாரும் அதையே விரும்புவர். வீண்பழி அவர்கள் தலையில் விழாதல்லவா? நாட்டுக்காக ஆடுவோரைப் பொறுக்குவதற்கும் அதே நியாயந்தான்.

பேசில் டி'ஒலிவேரா தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். வெள்ளையரல்லர் என்பதால் பிறந்த நாட்டுக் கிரிக்கெட் குழுவில் அவருக்கு இடமில்லை. 1960-ல் இங்கிலாந்து சென்றார்; 1966-ல் அந்நாட்டுக் குழுவில் சேர்ந்தார். 1968 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். சில நாட்களில், தென்னாப்பிரிக்கா செல்லும் குழுவை அறிவித்தனர். அவர் பெயர் இல்லை! ஆட்டத் திறமையை வைத்தே முடிவெடுத்தோம் என்றனர். மூடிய அறையில் எடுத்த முடிவை யார் நம்புவர்? கண்டனம் எழுந்தது. பின்னர் கார்ட்ரைட் காயத்தால் விலகவே, டி'ஒலிவேராவைச் சேர்த்தனர். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அக்குழுவை ஏற்க மறுத்தார். பயணம் ரத்தாயிற்று.

டிசம்பரில் எம்.சி.சி. உறுப்பினர் சிலர் தனிக் கூட்டம் கூட்டி நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டனர், வாக்கெடுப்பில் தோற்றனர். நம் கிளைக் கூட்டங்களில் இவ்வளவு துணிச்சலைக் காண்பது அரிது!

டி'ஒலிவேரா வந்தால் பயணமே நடவாது என்ற எச்சரிக்கைக் கடிதம் 1968 மார்ச்சிலேயே எம்.சி.சி. மேலிடத்தில் சிலர் கையில் இருந்தது. முழுக் கமிட்டிக்கும் அதைக் காட்டவில்லை. 1969-ல்தான் அது வெளியே வந்தது.